பந்தலில் இல்லாத பழம்

சின்னமனூர் மெயின்ரோட்டில் அம்மாவாசியின் உரக்கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். திறந்ததும் கல்லாவுக்கு முன்னால் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் வரும். யூரியா மூடைகளுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும் டிவியில் பங்குச்சந்தைச் சேனல் ஓடும், சத்தமில்லாமல். "கோட்டுப் போட்ட பயலுக கத்துறதக் கேட்டு எனக்கு ஒரு மூடைகூட வித்ததில்ல" என்பது அம்மாவாசியின் கட்சி.

ஒரு நாற்காலி அவனுக்கு. இன்னொன்று, மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்ற ஜெபமணிக்கு. மூன்றாவது, மார்க்கையன்கோட்டையில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் வீரணனுக்கு. மூவரிடமும் ஆளுக்குக் கொஞ்சம் பங்குகள் இருந்தன. மூவருக்கும் சந்தை மேல் துளி நம்பிக்கை கிடையாது. எவன் எதை வாங்கி எப்படி ஏமாந்தான் என்று பேசித்தான் காலைத் தேநீர் இறங்கும். வாய் அதிகம் வீரணனுக்கு.

ஏப்ரல் முதல் வாரத்தில் பேச்சு மேருகிரி எலக்ட்ரிக்கல்ஸ் பக்கம் திரும்பியது. மோட்டாரும் சுவிட்சும் செய்கிற கம்பெனி. ஒரு பங்கை ஐந்தாகப் பிரிக்கப் போவதாக அறிவித்திருந்தார்கள்.

"ரெண்டாயிரத்து நானூறு ரூவா ஷேரு நானூத்தி எம்பதுக்கு வந்துருமாம்" என்றான் அம்மாவாசி. "பூச்சிமருந்து வாங்க வர்றவன் பூராம் கேக்குறான், வாங்கலாமாண்ணேன்னு."

"ஏன்யா, ஒன் கடையில அம்பது கிலோ மூடைய அஞ்சு பத்துக் கிலோப் பையாக் கட்டுனா உரம் கூடிருமா?" என்று கேட்டான் வீரணன்.

"உரம் கூடாது. யாவாரம் கூடும். பத்துக் கிலோப் பைன்னா மாடியில ரோசாச் செடி வச்சிருக்கவனும் வாங்குவான்."

"வாங்கட்டும். செடிதான் கருகும்."

ஜெபமணி சிரித்துவிட்டு, பையிலிருந்து அச்செடுத்த தாள்களை எடுத்தார். கம்பெனிகளின் ஆண்டறிக்கையை வரிவிடாமல் படிக்கிற மனிதர் அவர். அடிக்கோடிட்ட பக்கத்தைக் காட்டினார். "இத யாரும் படிக்க மாட்டாக. மேல்மட்டத்து மேனேஜருக இருவத்தி ரெண்டு பேருக்கு ஆப்ஷன் குடுத்துருக்கு கம்பெனி. ஆயிரத்து எழுநூறு ரூவாய்க்கு ஷேரு வாங்கிக்கிற உரிமை. வெல ஏறுனா வாங்கி வித்துட்டுப் போவாக. ஏறலேன்னா அவுகளுக்கு நட்டமில்ல. அப்ப வெலய ஏத்துறதுக்கு அவுக ஸ்ப்ளிட்டும் பண்ணுவாக, பொங்கலும் வைப்பாக."

"காத்து" என்றான் வீரணன். "சைக்கிள் டியூப்புல அடிச்ச காத்து. இந்தக் கம்பெனிக்கு ரெண்டாயிரமே அதிகம்."

அன்று பத்தரை மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் புரோக்கர் அலுவலகத்துக்குப் போனான்.

அங்கே வேலை பார்க்கும் இனியன்தான் ஏழு மாதத்துக்கு முன்னால் அவனுக்கு ஆப்ஷன் விற்பதைச் சொல்லிக் கொடுத்தவன். அன்று ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினான். ஒரு பங்கை இன்ன விலைக்கு, இன்ன தேதிக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமைக்குப் பெயர் கால் ஆப்ஷன். அதை வாங்குகிறவன் ஒரு சிறு தொகை கொடுப்பான். விலை அதற்கு மேல் ஏறினால் வந்து பங்கைக் கேட்பான். ஏறாவிட்டால் வரமாட்டான், கொடுத்த தொகை விற்றவனுக்கு.

இனியன் இன்னும் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதே வீரணன் சொன்னான்: "இதத்தாண்டா சங்கனாச்சேரி யாவாரி இருவது வருசமா எங்கிட்டச் செய்யுறான்."

திராட்சை பிஞ்சாக இருக்கும்போதே வியாபாரி தோட்டத்துக்கு வருவான். கிலோ நாற்பது என்று பேசி இருபதாயிரம் அட்வான்ஸ் வைத்துவிட்டுப் போவான். அறுப்பு நேரத்தில் விலை அறுபது என்றால் விடிவதற்குள் லாரியோடு நிற்பான். நாற்பதுக்கே ஏற்றிவிட வேண்டும். விலை இருபத்தைந்து என்றால் போனையே எடுக்க மாட்டான். அட்வான்ஸ் வீரணனுக்கு. கோடை மழை அடித்துப் பழம் வெடித்த வருடங்களில் இரண்டு மூன்று அட்வான்ஸ்கூட நின்றிருக்கிறது.

"சார், எங்க டிரெய்னிங்லகூட இம்புட்டுச் சுளுவா யாரும் சொன்னதில்ல" என்று இனியன் வியந்தான். அந்த வியப்பு வீரணனுக்கு இனித்தது. எது ஏறும் என்று கண்டுபிடிப்பதுதானே கடினம், எது ஏறாது என்பதை அவன் தினமும் உரக்கடையில் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவநம்பிக்கைக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு வேலை கிடைத்ததுபோல இருந்தது. ஏழு மாதமும் எட்டாயிரம், பத்தாயிரம் என்று நின்றது. சொட்டுநீர்க் குழாய் மாற்றினான்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கணக்கு அவன் பெயரில் இல்லை.

ஆப்ஷன் விற்க வருமானச் சான்று கேட்டார்கள். திராட்சை விற்ற பணத்துக்கு என்ன சான்று? மனைவி ஜோதிலட்சுமிக்கு இருந்தது. அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மாதச் சம்பளச் சீட்டு. பதினொரு வருடமாகச் சம்பளம் வந்த மறுநாள் ஒரு வங்கிப் பங்கிலும் ஒரு சோப்புக் கம்பெனிப் பங்கிலுமாகக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வந்தாள். விலை பார்க்க மாட்டாள். விற்றதே இல்லை. போன வருடம் நாற்பத்தெட்டு வயதில் ஓட்டுநர் உரிமம் எடுத்தாள். அடுத்த ஜூன் மாதம் அந்தப் பங்குகளை விற்று ஒரு வெள்ளைக் கார் வாங்கி, பள்ளிக்குத் தானே ஓட்டிப் போக வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பங்குகள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நிறம்கூட முடிவாகியிருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வீரணன் நாலைந்து இடங்களில் கையெழுத்து வாங்கினான். அந்தப் பங்குகளை ஈடாக வைப்பதற்கு அவள் போனுக்கு ஓர் எண் வந்தது. "ஒரு நம்பர் வந்துருக்கும், சொல்லு" என்றான். அடுப்படியிலிருந்து ஆறு இலக்கத்தையும் உரக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை. பங்குக் கணக்குக் காகிதங்களைப் பார்த்துக்கொள்வது கணவன் வேலை என்று நினைத்திருந்தாள்.

அன்று மேருகிரியில் வீரணன் விற்ற கால் ஆப்ஷன் இரண்டு லாட், அதாவது கட்டு. இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் விலைக்கு ஐந்நூறு பங்கு. கைக்கு வந்தது பதினான்காயிரம். தேதி, ஏப்ரல் கடைசிச் செவ்வாய்.

பத்தாம் தேதி விலை இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது. "ஏறவிட்டு எறங்கும்" என்று கடையில் சொன்னான். பதினைந்தாம் தேதி இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு. அன்று அவன் சொன்ன கிண்டலுக்கு ஜெபமணி புரையேறச் சிரித்தார். வீரணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பங்கு பிரிந்தது. காலையில் கடைக்கு வந்து போனைத் திறந்தவன், மேருகிரிக்கு நேரே இரண்டாயிரத்து ஐந்நூறு என்று பார்த்தான். நேற்று ஐந்நூறு. ஒன்றுக்குப் போவதுபோல எழுந்து பொட்டாஷ் மூடைகளுக்குப் பின்னால் போய் இனியனைக் கூப்பிட்டான்.

"ஏலே, ரெண்டாயிரத்து ஐநூறுன்னு காட்டுதுடா. நான் விக்கவே இல்லடா!"

"ஸ்ப்ளிட்டு சார். ஒண்ணு அஞ்சாச்சுல்ல. வெலயும் ரெண்டாயிரத்து அறுநூறு இல்ல, ஐநூத்தி இருவதா மாறிருக்கும் பாருங்க. நீங்கதான சொல்வீக, அஞ்சு பையாக் கட்டுனாலும் உரம் ஒண்ணுதான்னு?"

உரம் ஒன்றுதான். ஆனால் பை சின்னதானதும் மாடியில் ரோசாச் செடி வைத்திருந்தவர்கள் வந்தார்கள். கெங்குவார்பட்டியிலிருந்து மாங்காய் லோடு ஓட்டும் மதன்குமார் மருந்து வாங்க வந்த இடத்தில் போனைக் காட்டினான். "அம்பது ஷேரு எடுத்துட்டேண்ணே. போன மாசம்னா இதே காசுக்குப் பத்துத்தான் வந்துருக்கும். இப்பப் பாருங்க, அம்பது!" அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வீரணன் பார்த்தான். இவனைப் போல எத்தனை பேர் இந்நேரம் எத்தனை ஊர்க் கடைகளில் போனைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்? அவர்கள் ஒவ்வொருவரும் விலையை ஒரு காசு மேலே தூக்கினார்கள். தூக்கியது வீரணனின் கழுத்தை.

ஐந்நூற்று நாற்பது. ஐந்நூற்று அறுபத்தைந்து. இருபத்துநான்காம் தேதி வெள்ளிக்கிழமை ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒவ்வொரு நாளும் வெளியேறிவிடலாம் என்று நினைத்தான்; நேற்றே வெளியேறியிருந்தால் பாதியோடு போயிருக்கும் என்ற எண்ணம் வந்து கையைப் பிடித்தது. விலை தப்பு என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தப்பான விலை எத்தனை நாள் தப்பாகவே இருக்கும் என்பதுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை தோட்டத்தில் இருந்தான். திராட்சைப் பந்தல் தலை உயரம்கூட இல்லை; குனிந்தே நடக்க வேண்டும். சந்தைக்கு விடுமுறை. ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் போனை எடுத்து அசையாத அந்த எண்ணைப் பார்த்தான். பன்னிரண்டாவது தரமோ பதினைந்தாவது தரமோ பார்த்தபோது தன்மேலேயே வெறுப்பு வந்து, அந்தப் பங்குச் செயலியைப் போனிலிருந்தே நீக்கிவிட்டான். நீக்கியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அன்று மத்தியானம் வாரக்கணக்கில் இல்லாத தூக்கம்.

திங்கள்கிழமை கடை டிவியில் சத்தமில்லாமல் அறுநூற்று முப்பத்தொன்று ஓடியது.

"நம்ம ஆளு கணிப்பு கோட்டைவிட்டுருச்சே" என்றான் அம்மாவாசி.

"காத்துன்னா ஏறத்தான செய்யும்" என்று வீரணன் பதில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் உட்கார்ந்திருப்பது பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

ஜெபமணி மட்டும் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். "ஒடம்புக்கு என்னய்யா? மொகம் சரியில்லையே."

"வெயிலு சார்."

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கே இனியன் கூப்பிட்டுவிட்டான். "சார், இன்னைக்குத் தேதி முடியுது. சாயங்காலத்துக்குள்ள வித்த ஆப்ஷனத் திரும்ப வாங்கி நீங்க முடிக்கலேன்னா ரெண்டாயிரத்து ஐநூறு ஷேரக் கையில குடுத்தாகணும். பதினாறு லட்சம். இல்லேன்னா எக்ஸ்சேஞ்சே ஏலம் போட்டு வாங்கி நம்ம தலையில கட்டும். அம்புட்டுக்கு எங்க ஹெட் ஆபீஸ்ல விட மாட்டாக. மத்தியானம் ஒரு மணிக்கு மேல மும்பைல இருந்து அவுகளே மேடம் ஷேர வித்து முடிச்சு விட்டுருவாக. என்ன ரேட்டுன்னு கேக்க முடியாது."

"நானே முடிக்கிறேன்."

"ஆப்புல முடிங்க சார்."

அப்போதுதான் உறைத்தது. செயலியைத் திரும்ப இறக்கினான். அது பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது. பிறகு, பதிவுசெய்த போனுக்கு அனுப்பிய ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. அந்தப் போன் ஜோதிலட்சுமியிடம் இருந்தது. ஜோதிலட்சுமி வீரபாண்டியில் இருந்தாள்.

"இனியா, ஒன் கம்ப்யூட்டர்ல இருந்து நீ முடிச்சு விடு."

"மேடமே பேசணும் சார், அந்த நம்பர்ல இருந்து. ரெக்கார்டு ஆகும். எனக்கு உங்களத் தெரியும். கம்பெனிக்கு மேடத்தத்தான் தெரியும்." குரலைத் தாழ்த்தினான். "மேடத்துக்குத் தெரியும்தான சார்?"

வீரணன் போனை வைத்தான். ஏழு தடவை மனைவியைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது.

வழி எல்லாம் ஒரே வாசலில் போய் முடிந்தது. தானே முடித்தால் அவளிடம் எண் கேட்க வேண்டும். முடிக்காவிட்டால் அவள் பங்குகள் விற்ற செய்தி அவள் போனுக்கே போகும். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. ஒரு மணிக்குள் விலை ஐந்நூற்று இருபதுக்கு வந்துவிட வேண்டும். வண்டியைக் கிளப்பும்போதும் அவன் மனது அந்த மூன்றாவது வழியில்தான் நின்றுகொண்டிருந்தது.

வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோவிலில் திருவிழாவுக்கான முக்கொம்பு நட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. திருவிழா முடியும்வரை அந்த அத்திமரக் கம்பத்துக்கு முல்லையாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். செவ்வாய்க்கிழமை என்பதால் ஈரச்சேலையும் மஞ்சள் குடமுமாகக் கூட்டம் நெருக்கியது. ஜோதிலட்சுமி வருடம் தவறாமல் வருகிறவள். பள்ளி விடுமுறை வேறு. படித்துறைக்கு மேலே, பானகம் விற்கும் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் அவளைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று இருபது. இடுப்பில் நிறைகுடம்.

"என்னங்க, இங்கன வந்து நிக்கிறீக? தோட்டத்துல ஏதும்...?"

"ஒண்ணுமில்ல. ஒம் போனு எங்க?"

ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மணிப்பையில் வைத்திருந்தாள். ஏழு அழைப்பைப் பார்த்து முகம் மாறினாள்.

"ஷேரு ஆப்பு அப்டேட்டு கேக்குது. ஒரு நம்பர் வந்துருக்கும், சொல்லு." தன் போனில் பொத்தானை அழுத்தினான். அவள் போன் சிணுங்கியது.

குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு செய்தியைத் திறந்தாள். எண்ணைச் சொல்லவில்லை. விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனது. ஈடு பற்றவில்லை என்று அதே இடத்திலிருந்து வந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. இத்தனை நாள் வங்கிக்காரன் தொல்லை என்று திறக்காமல் விட்டவை.

"மார்ஜின் ஷார்ட்ஃபால்னா என்ன? பதினேழாந் தேதியில இருந்து வந்துருக்கு."

"அது எல்லாருக்கும் அனுப்புறதும்மா."

"எல்லாருக்கும் எம் பேரப் போட்டா அனுப்புவாக?"

பானகக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வீரணன் சொல்லத் தொடங்கினான். சங்கனாச்சேரி வியாபாரியிலிருந்து தொடங்கினான். அவனுக்குத் தெரிந்த வழி அதுதான். ஏழு மாதம் நின்ற அட்வான்ஸைச் சொன்னான். சொட்டுநீர்க் குழாயைச் சொன்னான். பிறகு மேருகிரியைச் சொன்னான். அவன் முடித்ததும் அவள் ஒன்று கேட்டாள்.

"அந்த ஷேரு நம்மகிட்ட இருக்கா?"

"எது?"

"நீங்க குடுக்குறேன்னு ஒத்துக்கிட்டது. ரெண்டாயிரத்து ஐநூறு."

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல."

"பந்தல்ல பழம் இருக்கதப் பாத்துட்டுத்தான யாவாரி அட்வான்ஸ் வைப்பான்? வெல ஏறுனாலும் அறுத்துக் குடுக்கப் பழம் இருக்கும். இல்லாத பழத்துக்கு எதுக்கு அட்வான்ஸ் வாங்குனீக?"

இனியனும் கேட்கவில்லை, தனக்கும் தோன்றவில்லை. இருபது வருடம் குனிந்து நடந்த பந்தல். அதில் பழம் தொங்கியதால்தான் ஒவ்வொரு தடவையும் பிழைத்தோம் என்பது எப்படித் தெரியாமல் போனது?

"எம்புட்டுப் போகும்?"

"மூணு."

"மூணு என்ன?"

"லட்சம்."

அவள் குனிந்து குடத்தைத் தூக்கினாள். "மொண்ட தண்ணிய வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. ஊத்திட்டு வாரேன்" என்று சொல்லி, போனை அவன் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள்.

ஒரு கையில் தன் போன், மறு கையில் அவள் போன். திரையில் ஆறு இலக்கம் தெரிந்தது. அடித்தால் உள்ளே போய்விடலாம். உள்ளே போனால், முடிக்கவும் செய்யலாம், முடிக்காமலும் இருக்கலாம். ஒரு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. மேலே போனது கீழே வர எத்தனை நிமிடம் ஆகும்? எங்கேயாவது எவனாவது பெரிய ஆள் விற்க ஆரம்பித்தால் போதும். அந்த இருபத்திரண்டு மேனேஜர்களே ஆரம்பித்தால் போதும். பெருவிரல் முதல் இலக்கத்தின் மேல் நின்றது. முன்னால் தண்ணீர் கொட்டும் சத்தமும் குலவைச் சத்தமும் கேட்டன. எண் காலாவதியாகிவிட்டது என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது. அவன் இன்னும் விரலை எடுத்திருக்கவில்லை.

அவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம் ஜோதி. இந்தக் கம்பெனிக்கு இந்த வெல கெடையாது. நான் சொல்றது தப்பில்ல. சத்தியமாத் தப்பில்ல."

"தப்பில்லேன்னா ஏன் இங்கன வந்து நிக்கிறீக?"

இனியனின் எண்ணைக் கேட்டு வாங்கி அவளே கூப்பிட்டாள். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரல். "நான் ஜோதிலட்சுமி பேசுறேன். எங்கணக்குல வித்து வச்சிருக்கத எல்லாம் இப்பவே முடிச்சுருங்க. இப்ப என்ன ரேட்டோ, அந்த ரேட்டு. ஆமா. நாந்தான் சொல்றேன். ஈடா இருக்கதுல வேண்டியத வித்துக்கங்க. வேண்டியது மட்டும்." கொஞ்சம் கேட்டாள். "மிச்சத்த ஈட்டுல இருந்து எடுத்துருங்க. இனிமே இந்த ஆப்ஷன் எங்கணக்குல வேணாம்."

நான்கு நிமிடம். பங்கின் விலை அப்போது அறுநூற்று நாற்பத்தாறு. மூன்று லட்சத்துச் சொச்சம் போனது. பதினொரு வருடத்துப் பங்குகளில் மூன்றில் ஒன்று.

திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து வந்தாள். கோட்டூர் தாண்டியதும் அவன் காதருகில் சொன்னாள்: "கார இப்ப வாங்க முடியாது. அது கெடக்கட்டும். மதன்குமாரு ஏமாந்தான், அவன் ஏமாந்தான், இவன் ஏமாந்தான்னு எத்தன நாளு வீட்டுல வந்து சிரிச்சிருக்கீக? இத உங்க கூட்டாளிகட்ட நீங்களே சொல்லணும். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

அன்று மாலை சந்தை முடியும்போது மேருகிரி அறுநூற்று முப்பத்தெட்டில் நின்றது. சாயங்காலம் வரை பொறுத்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

ஆறுதல் இரண்டு வாரம்தான் தாங்கியது. மே மாதம் வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரத்தில் கம்பெனியின் காலாண்டுக் கணக்கு வந்தது. லாபம் பாதியாகக் குறைந்திருந்தது. மேனேஜர்கள் நிறையப் பேர் ஏப்ரலிலேயே ஆப்ஷனைப் பயன்படுத்தி விற்றுவிட்டதாகவும் செய்தி வந்தது. ஐந்நூற்றுத் தொண்ணூறு, ஐந்நூற்று நாற்பது. வியாழக்கிழமை காலை டிவியில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

இந்த நாட்களில் தினமும் சாயங்காலம் ஜோதிலட்சுமி ஒரு சொல்தான் கேட்டாள். "சொன்னீகளா?" அவனும் ஒரு சொல்தான் பதில் சொன்னான். "நாளைக்கு." கேட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் ஒரு தடவையாவது கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை உரக்கடையில் அம்மாவாசி வடை வாங்கி வைத்திருந்தான்.

"வாய்யா, வாய்யா. ஒனக்குத்தான் இன்னைக்கு மொத வட. என்ன சொன்னான் சார் அன்னைக்கு? காத்துன்னு சொன்னானா இல்லையா?"

"சொன்னாரு" என்றார் ஜெபமணி. "ரெண்டாயிரமே அதிகம்னாரு. பழைய கணக்குல இப்ப ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூறு. இன்னும் எறங்கும்."

மூடைக்கு மேல் உட்கார்ந்திருந்த மதன்குமார் தலையைச் சொறிந்தான். "அறுநூத்தி இருவதுல இன்னொரு அம்பது எடுத்தேண்ணே. அண்ணன் பேச்சக் கேட்டுருக்கலாம். அடுத்து எந்தக் கம்பெனி எறங்கும்னு சொல்லுங்கண்ணே, நோட்டுல எழுதிக்கிறேன்."

நோட்டை எடுத்தே விட்டான். மூன்று பேரும் வீரணனையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையை வீரணன் வாழ்நாளில் எத்தனையோ தடவை விரும்பியிருக்கிறான். இப்போது அது பந்தல்போலத் தலைக்கு மேல் இறங்கி வந்தது. நிமிர இடமில்லை. இந்த வடையைத் தின்றால் இனி என்றைக்கும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. மதன்குமாரின் நோட்டில் எழுதப் போகிற பெயரும் அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். சாயங்காலம் அடுப்படியிலிருந்து அந்த ஒரு சொல் வரும்.

கையில் எடுத்த வடையைத் தாளின் மேலேயே வைத்தான்.

"அம்மாவாசி, பந்தல்ல ஒரு கொலகூட இல்லாம யாவாரிகிட்ட அட்வான்ஸ் வாங்குனவன எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

"எவன் அந்தக் கூமுட்டை?" அம்மாவாசி இப்போதே சிரிக்கத் தயாராக முன்னால் சாய்ந்தான். "நம்ம பக்கமா? ஒங்க மார்க்கையன்கோட்டயா? சொல்லு, சொல்லு."

மதன்குமார் பேனாவோடு காத்திருந்தான். ஜெபமணி மட்டும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மார்க்கையன்கோட்டைதான்" என்றான் வீரணன்.